இருமண்பாட்டு நிலம்



தோட்டத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, சற்றே நீர் தெளித்து, உள்ளங்கையில் உருண்டை பிடித்துப் பாருங்கள். பிடிபடாமல் உதிர்ந்தால் அது மணல். விரலில் ஒட்டி, நாடாவைப் போல் நீள இழுக்க வந்தால் அது களி. உருண்டையாய் நின்று, விரலால் தட்டியதும் பொலபொலவென உடையுமாயின் அதுவே இருமண்பாட்டு மண். மணலும் வண்டலும் 100க்கு ஏறக்குறைய 40 பங்கு வீதமும், களி 20 பங்கும் அதில் கலந்திருக்கும். மணல் மிகுநீரை வடிக்கிறது. களி ஈரத்தையும் உரச்சத்தையும் பற்றிவைக்கிறது. விளையாத பயிர் அதில் குறைவு.

கல்வராயன் மலையில் செம்மண் சார்ந்த இத்தகைய நிலம் உண்டு. மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைத்த சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. ஆத்தூர், சேலம் பகுதிச் சவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்குவதால் கையில் காசு வருகிறது. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் மண்ணின் கணக்கு வேறு. மரவள்ளி நட்ட முதல் மூன்று மாதங்கள் அதன் இலைகள் நிலத்தை மூடுவதில்லை. அவ்வேளை பெய்யும் பெருமழை வெற்றுமண்ணை அறைகிறது. கிழங்கைப் பிடுங்கும்போது மண் மறுபடியும் கிளறப்படுகிறது. முதலில் அடித்துச் செல்லப்படுவன நுண்ணிய வண்டலும் மக்கும். எஞ்சுவன பருமணலும் கல்லும். கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணைக்குச் செந்நிறமாய் இறங்கும் வெள்ளம் சுமந்துவருவது மலைக்காட்டின் மேல்மண்ணையே. இருமண்பாட்டு நிலம் இவ்வாறுதான், ஆண்டுக்குச் சிறிது சிறிதாக, அப்பெயரை இழக்கிறது.

தடுக்க வழியுண்டு. மேலிருந்து கீழாக உழாமல் சரிவுக்குக் குறுக்கே உழுது நடுதல் வேண்டும். இடையிடையே வெட்டிவேர் வரிசை அமைத்தால் ஓடும் நீர் வேகம் தணியும். மரவள்ளி வளரும்வரை உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராய் நிலத்தை மூடட்டும். ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம் இடவேண்டும். இத்தனை எருவுக்கு மாடு எங்கே என்று கேட்பீர்கள், கேள்வி நியாயமே. இயன்ற அளவு எருவும், மடக்கி உழுத பயறுச்செடியும் சேர்ந்தாவது ஈடுசெய்யட்டும். மரவள்ளி சாம்பல்சத்தை மிகுதியாக உண்பதால், ஓராண்டேனும் பயிரை மாற்றுவது நலம்.

கீழே கள்ளக்குறிச்சிச் சமவெளிக் கரும்புத் தோட்டங்களின் இடர்ப்பாடு வேறு. ஈரம் உலராத நிலத்தில் டிராக்டரும் கரும்பு லாரியும் ஏறினால் அடிமண் இறுகி வேர் தடைப்படும். உளிக்கலப்பையே அதை உடைக்கும். சோகையைக் கொளுத்தாமல் பார்களுக்கிடையே பரப்பினால் ஈரம் நிலைக்கும், மக்கும் பெருகும்.

மண் பரிசோதனைக்கு அனுப்புவோர், வரப்பும் எருக்குழியும் மரநிழலும் தவிர்த்து, வயலில் பத்து இடங்களிலேனும் மண் எடுங்கள். மேற்குப்பையை அகற்றி, 15 செ.மீ. ஆழம்வரை சரிவாய் வெட்டி எடுத்து, யாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும்.