மாளிகைக் கதவு திறந்தால் போதுமா?

தில்லியிலுள்ள குடியரசுத் தலைவர் மாளிகை இன்று பொதுமக்கள் சென்று காணும் இடங்களுள் ஒன்றாகிவிட்டது. 2014-இல் அங்கு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 2016-இல் அது விரிவாக்கப் பெற்றது. 340 அறைகளைக் கொண்ட அம் மாளிகையின் வரலாறும், அதில் வாழ்ந்த தலைவர்களின் வரலாறும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெறுகின்றன. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் மாளிகையை மக்களுக்குத் திறந்துவிடுதல் நற்செயலே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால், கதவைத் திறப்பது வேறு; வரலாற்றைத் திறப்பது வேறு. முன்னது காவலர் வேலை. பின்னது நேர்மையாளர் வேலை.

வரலாற்றை முழுமையாகத் திறந்தால் முதலில் தெரிய வருவது என்ன? வெள்ளையராட்சி 1911-இல் தலைநகரைக் கல்கத்தாவினின்று தில்லிக்கு மாற்ற முடிவு செய்தது. இரைசினா, மால்சா ஆகிய சிற்றூர்களில் வாழ்ந்த குடிகளின் நிலங்களைக் கையகப்படுத்தியது. எட்வின் இலட்டியன்சு என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த மாளிகை 1929-இல் அங்கு எழுந்து முடிந்தது. கடல்கடந்து வந்த ஆளுநர் தலைவனுக்காகக் கட்டப்பெற்ற அதே வீடுதான் 26-1-1950 முதல் குடியரசின் வீடாயிற்று. வீடு மாறவில்லை; குடியிருப்போர் மாறினர். அவ்வீட்டினின்று ஆளும் மனப்பான்மையேனும் மாறிற்றா என்பதே நம் வினா.

இத்தகைய மாளிகையைக் காணக் கடலூர் மக்கள் தில்லிவரை செல்ல வேண்டுவதில்லை. 1690-இல் ஆங்கிலக் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையினின்று பீரங்கியால் சுட்டு, குண்டு சென்று விழுந்த தொலைவுக்குட்பட்ட ஊர்களையெல்லாம் தமதாக்கிக் கொண்டனர். நிலத்தை அளந்த கோல் பீரங்கிக் குண்டு! விற்றவனும் வாங்கியவனும் அயலார். விலைபோனது தமிழன் மண். கடலூரில் இன்றும் வழங்கும் ‘குண்டுச் சாலை’ என்னும் பெயரைக் கேட்குந்தோறும் இதனை நினைத்தல் வேண்டும்.

1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்தது. அதுமுதல் 1752 வரை தேவனாம்பட்டினமே தென்னாட்டில் கும்பினியின் தலைமையிடமாக விளங்கிற்று. அந்நாளில் கும்பினித் தலைவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பட்டப்பெயர் ‘பிரசிடெண்டு’ என்பதே; அவன் ஆண்டதால்தான் நம் நாடு ‘பிரசிடென்சி’ எனப் பெயர்பெற்றது. 1756-இல் இக்கோட்டைக்கு ஆளுநனாக வந்தவன் இராபர்ட்டு கிளைவு. 1758-இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்தது. ஆளுநர்கள் தங்கிய மஞ்சக்குப்பத்துத் தோட்ட மாளிகை பின்னர் மாவட்ட ஆட்சியரின் இருப்பிடமாக நெடுங்காலம் பயன்பட்டது. அங்கும் வீடு மாறவில்லை!

பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. ‘இராட்டிரபதி’ என்றால் நாட்டுக்கு உடையவன். ‘சனாதிபதி’ என்றால் மக்களுக்கு அதிபதி. உடைமையும் ஆண்டான் தன்மையுமே இச்சொற்களின் கரு. தமிழ் தந்த சொல்லோ ‘குடியரசுத் தலைவர்’. குடிகளே அரசு, அவ்வரசுக்குத் தலைமை தாங்குபவர் ஒருவர். குடியரசின் கருத்தையே விளக்கும் இச்சொல் நம்மிடம் இருக்க, செய்தித்தாளிலும் ஒலிபரப்பிலும் ‘இராட்டிரபதி பவன்’ என்று எழுதவும் பேசவும் நாணாத தமிழரை என்னென்பது?

இனி, அத் தலைவர்களின் வரலாற்றில் தமிழர் அறிய வேண்டுவன சில. அரசியல் சட்டத்தின் 344-ஆம் பிரிவு, ஆட்சிமொழி ஆணைக்குழுவை அமர்த்தும் பொறுப்பைக் குடியரசுத் தலைவரிடமே தந்தது. 27-4-1960-இல் இராசேந்திரப் பிரசாத்து பிறப்பித்த ஆணை, 45 அகவைக்குட்பட்ட நடுவணரசு ஊழியர்களுக்கு இந்திப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1965 பிப்பிரவரியில் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் அமைச்சுப் பொறுப்பினின்று விலக முன்வந்தபோது, அதனை ஏற்க உடன்படாமல் தலைமையமைச்சர்க்கு அறிவுரை கூறியவர், திருத்தணியிற் பிறந்த இராதாகிருட்டிணன். 30-1-1991-இல் ஆளுநரின் அறிக்கையும் பெறாமலேயே தமிழக அரசைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்திட்டவர், பட்டுக்கோட்டைப் பக்கத்தவரான இரா. வேங்கடராமன். 2004-இல் தமிழைச் செம்மொழியாக அறிவிக்கும் முடிவு நாடாளுமன்றத்தில் ஒலித்தது, இராமேசுவரத்து அப்துல் கலாமின் உரையில். நன்றும் தீதும் இவ்வாறு கலந்தே கிடக்கின்றன. தமிழர் ஒருவர் அம் மாளிகையில் இருப்பதனாலேயே தமிழுக்கு ஆக்கம் வந்துவிடாது என்பதும், அங்கு எழுதும் ஒரு கையெழுத்து நம் தெருவில் குருதியாகவும் வடியும் என்பதும் இவற்றால் விளங்கும்.

குருதி என்றது வெறுஞ்சொல் அன்று. தில்லி மாளிகை முடிந்த அதே 1929-இல்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. இந்தி தனி ஆட்சிமொழியாக அரியணை ஏறவிருந்த குடியரசு நாளுக்கு மறுநாள், 27-1-1965-இல், அப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் காவலரின் குண்டுக்கு இரையானான். குடியரசுத் தலைவர்களின் வரலாறு எழுதப்பெறுமாயின், அம் மாணவனின் பெயரும் அதில் ஒரு வரியாக இடம்பெறல் வேண்டும். குதிரை வண்டிகளையும் அயல்நாட்டார் தந்த பரிசில்களையும் மட்டும் காட்டுவது பொருட்காட்சி. ஆணைகளையும் அவற்றின் விளைவுகளையும் காட்டுவதே வரலாறு.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று. ஒன்று, அம் மாளிகையும் அதன் வரலாறும் தமிழர்க்குத் தமிழிலேயே, நல்ல தமிழிலேயே, எடுத்துரைக்கப்பெறல் வேண்டும். இரண்டு, மொழி பற்றியும் மாநில ஆட்சிக் கலைப்புப் பற்றியும் பிறந்த ஆணைகள் மறைப்பின்றி அங்கு வைக்கப்பெறல் வேண்டும். மூன்று, தேவனாம்பட்டினக் கோட்டையின் எச்சங்களும் மஞ்சக்குப்பத்து மாளிகையும் கிளைவின் புகழ்பாடும் இடங்களாக அன்றி, நிலமிழந்த நம் முன்னோர் கதையைக் கூறும் இடங்களாகப் பேணப்பெறல் வேண்டும்.

இவற்றுள் மூன்றாவதற்குத் தில்லியின் இசைவுக்காக நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்து ஆசிரியர்களும் மாணவர்களும் இன்றே தொடங்கலாம். குண்டுச் சாலையின் பெயர்க்காரணத்தை ஒரு சிறுவனுக்குச் சொல்லுங்கள். அண்ணாமலை நகரில் நிற்கும் இராசேந்திரன் சிலையடியில் அவனை நிறுத்தி, அம் மாணவன் ஏன் வீழ்ந்தான் என்று கூறுங்கள். அதன்பின் அவன் தில்லிக்குச் சென்றால், மாளிகையை அண்ணாந்து பார்த்து வியந்து நிற்கமாட்டான், வினாக்கள் கேட்பான்!