90 நொடி மண் பரிசோதனை: எதை நம்பி உரம் போடலாம்?

5 கிராம் காய்ந்த மண், கையடக்கக் கருவி, ஒரு கைப்பேசி. 90 நொடியில் முடிவு வந்துவிடும். கான்பூர் ஐஐடி 2021-இல் வெளியிட்ட 'பூ பரீக்ஷக்' கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. தாம்பரத்தை அடுத்த அகரம்தென், மதுரப்பாக்கம் பக்கம் இன்னும் நெல்லும் கீரையும் போடும் உங்களுக்கு, ஆய்வக அறிக்கைக்குக் காத்திருப்பதைவிட இது வசதிதான். ஆனால் அந்த முடிவை வைத்து உரத்தைக் குறைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கருவி மண்ணின்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கிறது. மென்பொருள் அந்த நிறமாலையை, ஏற்கெனவே ஆய்வகத்தில் சோதித்த மண்களின் நிறமாலைகளை வைத்து உருவாக்கிய கணக்கில் போட்டுச் சத்தின் அளவைச் சொல்கிறது. அங்ககக் கரிமமும் களியும் இந்த ஒளியை நேரடியாக உறிஞ்சுவதால் கணிப்பு பெரும்பாலும் நன்றாக வரும். பயிருக்குக் கிட்டும் மணிச்சத்து, சாம்பல்சத்துக்குத் தெளிவான தனி அடையாளம் கிடையாது. மண்ணின் மற்ற குணங்களை வைத்துச் சொல்லும் மதிப்பீடுதான் அது.

மதிப்பீடு சரியாக வர, உங்கள் மண்ணைப் போன்ற மண் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். நம் புறநகர் மண்ணோ ஒரே மண்ணாகவா இருக்கிறது? பக்கத்து மனைக்குக் கொட்டிய கிராவல், கட்டட இடிபாடு, ஏரித் தண்ணீரோடு வரும் கழிவு எல்லாம் வயலில் சேர்கின்றன. இடிபாட்டுச் சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றிவிட்டால், மண்ணில் துத்தநாகமும் இரும்பும் இருந்தும் பயிரால் எடுக்க முடியாது. இந்தக் கருவி அறிமுகமானபோது சொன்ன ஆறு அளவுகளில் கார அமில நிலையும் இல்லை, உப்பு நிலையும் இல்லை. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் 12 அளவுகளில் இரண்டும் உண்டு.

அதனால் கருவியோடு யாராவது வந்தால், எந்த ஊர் மண்ணை வைத்துச் சரிபார்த்தது என்று முதலில் கேளுங்கள். அறுவடை முடிந்ததும், அடுத்த உரம் போடும் முன், வரப்பையும் எருக்குழியையும் மர நிழலையும் விட்டு, பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து நிழலில் உலர்த்திச் சலியுங்கள். ஈரம் இருந்தால் நீரே ஒளியை உறிஞ்சிவிடும். 5 கிராம்தான் முழு வயலுக்கும் சாட்சி என்பதால் இதில் சோம்பல் கூடாது. அதே மண்ணில் அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்கும் அனுப்புங்கள். எங்கே கொடுப்பது என்று காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். இரண்டும் ஒத்துவராவிட்டால் உர அளவுக்கு ஆய்வக அறிக்கையையே பின்பற்றுங்கள். தொழுவுரம் போட்ட வயலில் கரிமம் ஆண்டுக்காண்டு ஏறுகிறதா என்று பார்க்க மட்டும் கருவியை வைத்துக்கொள்ளுங்கள்.