கிழிந்த கொசுவலையும் நம் பொறுப்பும்



புதுமனை புகும்போது ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிப்பதில் நாம் குறை வைப்பதில்லை. ஆனால் அடித்த நாளுக்குப் பிறகு அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓரம் பெயர்ந்தாலும், மூலையில் விரல் நுழையும் அளவு கிழிந்தாலும், வலைதான் இருக்கிறதே என்ற நினைப்பிலேயே ஆண்டுகள் கழிகின்றன. வலையே இல்லாத வீட்டார் எச்சரிக்கையாகவாவது இருப்பர். கிழிந்த வலையுள்ள வீட்டாரோ பாதுகாப்பாக இருப்பதாக எண்ணி ஏமாறுகின்றனர்.

மஃரிப் பாங்கு ஒலித்ததும் ஜன்னல்களை அடைப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இருள் சூழும் வேளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுமாறும், இரவில் கதவுகளை அடைத்துப் பாத்திரங்களை மூடிவைக்குமாறும் இறைத்தூதர் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். இவ்வழக்கம் பேணப்பட வேண்டியதே. எனினும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும், அந்தி சாயும் முன்னரும் அதன் கடி மிகுதி. அவ்வேளைகளில் நம் ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் தாய்மார்களையும் முதியோரையும் கைக்குழந்தைகளையும் அப்போது காப்பது வலை ஒன்றே.

எந்த வலைக்கும் ஆயுள் உண்டு. நைலான், ஃபைபர் கிளாஸ் வலைகளை வெயில் மெல்ல மெல்ல நொறுங்கச் செய்யும். ஆதலால் மேற்கு வெயில் படும் ஜன்னலின் வலையே பெரும்பாலும் முதலில் கெடும். வெல்க்ரோ பட்டையில் ஒட்டும் வகையில், வலைக்கு முன்பே பட்டையின் பசை விட்டுவிடும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற நம் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஜி.ஐ. கம்பிவலையை விரைவில் துருவேற்றிவிடும். அங்கு எஃகு வலை வாங்குவோர் 316 ரகத்தைக் கேட்டு வாங்குவது நலம். சாதாரண 304 ரகத்தைவிட அது உப்பைத் தாங்கும்.

வலையின் நிலையை அறிவது எளிது. விரலால் மெல்ல அழுத்தும்போது இழை முறிந்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அதன் காலம் முடிந்தது. சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், கொசுவுக்கும் அங்கே வழி உண்டு. தூசி அடைத்த வலை காற்றை மறிக்கும். பிறகு காற்றுக்காக வலையையே திறந்துவைப்போம்; வலை அடித்த நோக்கமே வீணாகும். மாதம் ஒரு முறை மென்மையான தூரிகையால் தூசி தட்டி, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கம்பி பிரஷால் தேய்ப்பது இழைகளை அறுத்துவிடும்.

பழுதான உடனே அனைத்தையும் கழற்றி எறிவதும் சரியன்று. வீண்விரயத்தைத் திருக்குர்ஆன் வன்மையாகக் கண்டிக்கிறது. சிறு துளையை அதே வலைத்துண்டு கொண்டு தைத்துவிடலாம். அலுமினியச் சட்டமாயின், ரப்பர் பீடிங்கை உருவி வலையை மட்டும் மாற்றலாம். சட்டம் பல்லாண்டு உழைக்கும்.

இப்பொறுப்பு நம் வீட்டு வாசலோடு முடிவதன்று. வாடகை வீட்டில் வலையைச் சீராக்குவது எவர் கடமை என்பதில் உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க, இடையில் காய்ச்சலில் படுப்பது குழந்தை. குடிபுகும்போதே இதனைப் பேசி எழுதிக்கொள்வது நன்று. நம் மஹல்லாக்களில் பிள்ளைகள் தங்கி ஓதும் மதரஸாக்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. கட்டடம் எழுப்ப வாரி வழங்கும் நாம், அதன் ஜன்னல் வலையைப் பழுதுபார்க்க எவரிடமும் பணம் ஒதுக்கிவைப்பதில்லை. மதரஸாவுக்கு வலை அன்பளிப்புச் செய்வோர் அதன் பராமரிப்புக்கும் ஒரு தொகையைச் சேர்த்தே அளிக்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மதரஸா ஜன்னல்களைப் பார்வையிடட்டும். பிறர் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. கட்டிய கயிறு இற்றுப் போயிற்றா என்று பார்ப்பதும் அக்கட்டுதலில் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம். சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பதும் நபிமொழி காட்டும் வழி. மாதந்தோறும் வலையைத் துடைக்கும் கால் மணி நேரமும் குடும்பத்தைக் காக்கும் நிய்யத்தோடு அமையுமாயின், அதற்கும் நற்கூலி உண்டு என ஆதரவு வைப்போம்.

நம் இல்லங்களையும் இளம் பிள்ளைகளையும் நோய்களிலிருந்து காக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.