கூலிக்குப் போனவன் ஊரைவிட்டுப் போனவனா?



உரம், கரண்டு, கொள்முதல் நிலையம் என்று எழுதுகிற சங்கம் இப்போது வாக்காளர் பட்டியலைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஓட்டு இல்லாத சம்சாரி கொடுக்கிற மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

2025 நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. தி.மு.க.வும் தோழமைக் கட்சிகளும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, தி.மு.க. உச்ச நீதிமன்றம் போனது. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் வேண்டும் என்றன. மேடையில் சண்டை பலமாக நடந்தது. நம்ம வீட்டுத் திண்ணைக்குப் படிவம் வந்ததா, வாங்க ஆள் இருந்ததா என்று கேட்கத்தான் நாதி இல்லை.

நவம்பர் எப்படிப்பட்ட மாதம் என்று நமக்குத் தெரியும். சம்பாவில் களை எடுக்கிற நேரம், அடைமழை நேரம். மாதக் கடைசியில் டிட்வா புயல் மழையில் டெல்டா வயல்கள் மூழ்கின. வடிகாலை வெட்டிவிட ஓடுவதா, 2002, 2005 பட்டியலில் பெயர் தேடுவதா? கெடுவை டிசம்பர் 14 வரை நீட்டித்தார்கள். 19-ம் தேதி வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. 6 கோடியே 41 லட்சம் பேர் இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கியது.

நியாயத்தைப் பேசுவோம். இதில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றார்கள். செத்தவர் பெயரை எடுக்கத்தான் வேண்டும். ஒருவருக்கு இரண்டு இடத்தில் ஓட்டு இருந்தால் ஒன்றை எடுக்கத்தான் வேண்டும். அதில் நமக்குச் சண்டை இல்லை. மீதியில் சுமார் 66 லட்சம் பேர் "இடம் மாறியவர், முகவரியில் இல்லாதவர்" என்ற கணக்கு. நம்ம வயிற்றைக் கலக்குவது இந்தக் கணக்குதான்.

என் தெருவில் ஒருவர். ஒரு ஏக்கர் நிலம். விதைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் செங்கல் சூளைக்குப் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்ததால் ஆள் இல்லை என்று எழுதியாயிற்று. அவர் பட்டா இங்கே, ரேஷன் கார்டு இங்கே, கடன் இங்கே. கடன் நோட்டீஸ் ஒட்ட அதே பூட்டின கதவு தெரிந்தது. ஓட்டுக்கு மட்டும் அந்த ஆள் ஊரில் இல்லையாம்! திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் ஊருக்கு ஊர் எத்தனை பேர்?

சட்டம் என்ன சொல்கிறது? 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20-வது பிரிவைப் பாருங்கள். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தைவிட்டுத் தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது. 22-வது பிரிவின்படி, குடியிருப்பு இல்லை என்று பெயரை நீக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். கூலிக்குப் போனவன் ஊரைவிட்டுப் போனவன் இல்லை என்பது நம்ம வாதம் மட்டும் அல்ல, சட்டமே அதுதான்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். பழைய பட்டியலில் தன் பெயர் இல்லாவிட்டால் அப்பா, அம்மா பெயரைக் காட்டச் சொன்னார்கள். வாழ வந்த பெண் பிறந்த ஊர்ப் பட்டியலுக்கு எங்கே போவாள்? நாட்டின் முதல் தேர்தலிலேயே, தன் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் அடிபட்டுப் போயின. அந்தப் பாடம் எழுபது வருஷம் கழித்தும் உறைக்கவில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பீகாரில் 2025-ல் வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. வழக்குப் போட்டார்கள். நீக்கியவர்கள் யார், காரணம் என்ன என்று வெளியிடு என ஆகஸ்ட் 14-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சும்மா இருந்திருந்தால் அந்தக் காகிதம் வெளியே வந்திருக்குமா?

ஆகவே நாம் கேட்பது:

1. இப்படிப்பட்ட திருத்தத்தை நடவு, களை, அறுவடைக் காலத்தில் வைக்காதே. கோடையில் வை.
2. நீக்கும் பெயர்களைக் காரணத்தோடு கிராம சபையில் வாசி.
3. பூட்டின வீடு என்று முடிவு கட்டாதே. எழுத்தில் நோட்டீஸ் கொடு, அக்கம்பக்கத்தில் விசாரி.
4. வாழ வந்த பெண்களைப் பிறந்த ஊருக்கு அலைய விடாதே.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு கிளையும் தன் வாக்குச்சாவடிப் பட்டியலை வாங்கி, ஊர்ப் பொது இடத்தில் உரக்க வாசிக்க வேண்டும். எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். பெயர் இல்லையா, 6-ம் எண் படிவம். முகவரி, எழுத்துப் பிழையா, 8-ம் எண் படிவம். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தள்ளிவிட்டால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம். அங்கேயும் தள்ளினால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் வேட்புமனுக் கெடு குறுக்கே நிற்கும். இப்போதே பாருங்கள்.

பெயர் விடுபட்ட அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் முன் மனுக் கொடுக்கும் போராட்டம் நடத்துவோம். நாளைக் கிளைச் செயலாளர் சொல்வார். ரேஷன் கார்டும் பட்டா நகலும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

வரப்பை வெட்டினால் விடுவோமா? ஓட்டும் நம்ம வரப்புதான்.

ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!

— செயலாளர்