இடக்கைக்கு ஒரு கிடார்

நம் தலைமுறையில் இடது கையால் எழுதிய பிள்ளைகள் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். பள்ளியில் முட்டியில் ஸ்கேல் விழும். வீட்டுக்கு வந்தால் "பீச்சாங்கையால என்னடா எழுத்து?" என்று பாட்டி தலையில் குட்டுவாள். அடி தாங்காமல் பல பேர் வலது கைக்கு மாறிவிட்டார்கள்.

இப்போது பள்ளிகளில் அந்தக் கொடுமை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனால் இசைக்கருவி என்று வந்தால் நாம் இன்னும் அந்த ஸ்கேலைக் கீழே வைக்கவில்லை என்பது என் கருத்து.

பதின்மூன்று வயதுப் பேத்திக்கு எலெக்ட்ரிக் கிடார் மேல் ஆசை. அவள் இடக்கைக்காரி. கடையில் கேட்டால், "லெஃப்ட் ஹேண்டா? ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும் சார், விலையும் கூட ஆகும். பாப்பாவை வலது கையிலயே பழக்கிடுங்களேன்" என்றார்கள். சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியாரும் அதையேதான் சொன்னார். "தாத்தா, எழுதும்போது யாரும் கையை மாத்தச் சொல்லலையே?" என்றாள் பேத்தி. என்னிடம் பதில் இல்லை. நேரம் இருந்தது, மாடியில் ஒரு மரவேலை மேசையும் இருந்தது. நானே செய்ய உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம் ஆயிற்று.

வாத்தியார் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கிடாரில் இரண்டு கைக்கும் வேலை உண்டு. விரலால் கம்பியை அழுத்தும் கைக்கு நுணுக்கமான வேலை, வலது கைக் கிடாரில் அது இடது கைதான். அப்படியானால் இடக்கைக்காரருக்கு அது அனுகூலமாயிற்றே என்பார்கள். மார்க் நாஃப்ளர் இடக்கைக்காரர், வலது கைக் கிடார்தான் வாசிக்கிறார். உண்மைதான். ஆனால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் பால் மெக்கார்ட்னியும் இடது கையால் வாசித்தவர்கள். எது வசதி என்பதை வாசிக்கிறவர் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. என் பேத்தியிடம் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து கிடார் வாசிப்பதுபோல் பிடிக்கச் சொன்னேன். யோசிக்காமல் இடது கையால்தான் மீட்டினாள். தாளம் அந்தக் கையில்தான் இருக்கிறது.

நம் ஊரிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கை மிருதங்க வித்துவான். இடக்கை என்பதால் மேடையில் அவர் பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்துத் தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். பாலக்காடு மணி ஐயரோடு சேர்த்து மும்மூர்த்திகளில் ஒருவராக இன்று பழனியைச் சொல்கிறோம். அன்று யாராவது கையை மாற்றச் சொல்லி, அவரும் மாற்றியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

சரி, கிடாருக்கு வருகிறேன். வலது கைக் கிடாருக்கும் இடது கைக் கிடாருக்கும் மரத்தில் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? மிகக் கொஞ்சம். மெட்டுகள் எல்லாம் கழுத்துக்குக் குறுக்கே நேராகப் போகின்றன, அவற்றுக்கு இடம் வலம் கிடையாது. பேத்தியின் சின்னக் கைக்காகக் கம்பி நீளத்தை 25½ அங்குலத்துக்குப் பதில் 24 அங்குலமாக வைத்தேன். அதை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும், 34.2 மில்லிமீட்டர். மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. 12ஆவது மெட்டு சரியாகப் பாதியில் வந்து நிற்கும். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பதால் பிற்பாடு இளக்கித் திருத்திக்கொள்ளலாம். கிடாரில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்குவதுதான். அதனால் இந்தக் கணக்கை அவசரப்பட்டுப் போடக்கூடாது.

மாறுவது வேறு சில இடங்கள். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில், தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் பள்ளம் வேறு, அதைத் திருப்பி அறுக்க வேண்டும். பிரிட்ஜில் தடித்த கம்பிகளின் தாங்கி கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கும், அதுவும் திரும்ப வேண்டும். வாசிப்பவர் பார்க்கும் விளிம்புப் புள்ளிகள் கழுத்தின் மறுபக்கம் போக வேண்டும். மேல் மெட்டுகளுக்குக் கை எட்டும்படி உடம்பில் வெட்டும் வளைவும் எதிர்ப்பக்கம். வலது கைக் கிடாரை அப்படியே தலைகீழாகப் பிடித்தால் இந்த வளைவு தப்பான பக்கம் வரும், வால்யூம் திருகு முழங்கைக்கடியில் சிக்கும். திருகிலும் ஒரு நுணுக்கம். வழக்கமான லாக் வகையை ஒயர் மாற்றிக் கொடுத்து எதிர்த்திசையில் சுழலவைத்தால், சத்தம் முழுவதும் கொஞ்ச தூரத்திலேயே ஏறி இறங்கிவிடும். நேர்கோட்டு வகையைப் போட்டால் ஒழுங்காக வேலை செய்யும், விலையிலும் பெரிய வித்தியாசமில்லை.

மொத்த வித்தியாசமே இவ்வளவுதான். இதற்காகவா ஒரு குழந்தையின் கையை மாற்றச் சொல்வது?

வீட்டில் செய்தது எப்படி இருக்கும் என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். குயின் இசைக்குழுவின் பிரையன் மே, 1963இல் சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிடார் செய்யத் தொடங்கினார். கழுத்து, பழைய கணப்படுப்பின் மேல்பலகை. ஸ்பிரிங்குகள் ஒரு பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியவை. உலகம் முழுக்க அவர் வாசித்தது அந்தக் கிடாரைத்தான்.

என் கிடாரின் உடம்பு மலைவேம்பு. பிளைவுட் ஆலைக்குப் போகிற மரம் என்று தச்சர் சிரித்தார். மகோகனிக்கு ஒருவகையில் உறவுக்கார மரம், கனமும் அதிகமில்லை, பிள்ளை தோளில் தாங்கும். கழுத்து பழைய தேக்கு, அதன் மேல் ஈட்டிப் பலகை. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும் என்பதால் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி போகிறது.

நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது கடைசிக் கட்டமான பாலிஷ். பளபளப்புக்கு ஆசைப்பட்டு பியூ பெயிண்டை வீட்டிலேயே ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதன் கெட்டிப்படுத்தியில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. பேத்திக்குக் கிடார் கொடுக்கிற சாக்கில் மூச்சிரைப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். நான் பழைய அரக்கு பாலிஷைத்தான் எடுத்தேன். உப்புத்தாளை 120இல் தொடங்கி 320 வரை தேய்த்து, நடுவில் ஈரத்துணியால் துடைத்து எழுந்த நாரை மறுபடி தேய்த்து, பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துப்போகும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் தொடவே இல்லை. தை பிறக்கக் காத்திருந்தேன். ஸ்பிரிட்டுக்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. வியர்வை பட்டு அரக்கு தேயத்தான் செய்யும். தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம், அந்த வேலைக்கு அவளையே பழக்கிவிட்டேன்.

கடைக் கிடாரைவிட மலிவாக முடிந்ததா என்றால், இல்லை. கருவிகள், கம்பிகள், பிக்கப் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூடவே ஆயிற்று. எல்லோரும் கிடார் செய்யுங்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. கடைக்காரர்கள் பத்துக் கிடாரில் ஒன்றையாவது இடக்கைக்கு வைத்தால் என்னைப் போன்ற கிழவர்களுக்கு இந்த வேலையே இல்லை. அதுவரை, பேரப்பிள்ளை இடது கையை நீட்டினால் "சோத்துக்கையால பிடி" என்று சொல்வதற்கு முன் கருவியைத் திருப்ப முடியுமா என்று ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் முடியும்.