பேய்க்கு வெச்ச ஆரஞ்சு

போன வெள்ளிக்கிழமை சாயரட்சை பூசை முடிஞ்சு நாங்க தொண்டூழியர்கள் வாசலைக் கூட்டிக்கிட்டு இருந்தோம். மதிலுக்கு வெளியே கால்வாய் ஓரமா ஊதுபத்தி, நாலு ஆரஞ்சு, ஒரு தட்டு பிஸ்கட். சீனர்களோட ஏழாம் மாதம் பிறந்தாச்சு, அக்கம்பக்கத்துல யாரோ வெச்சிருக்காங்க. அதைப் பார்த்த அண்ணன் ஒருத்தர், "பேய்க்கு வெச்சதை சாமி வாசல்ல விடலாமா? அள்ளிக் குப்பையில போடுங்க"ன்னு சத்தம் போட்டார். நாங்க போடல. அப்போ நிதானமா பதில் சொல்ல வரல, அதான் இங்க எழுதுறோம்.

அந்த ஆரஞ்சு யாருக்கு? பெரும்பாலும், படைக்க ஆள் இல்லாத ஆவிகளுக்கு. வீட்டு முன்னோருக்கு வேற படையல் உண்டு. "பசித்த ஆவி" என்ற சீனச் சொல்லே பௌத்த நூல்களில் வரும் "பிரேத" என்ற வடசொல்லின் மொழிபெயர்ப்பு. பிரேதமாகிப் பசியில் தவித்த தாயைக் கரையேற்றிய பிள்ளையின் கதையை இந்த மாதத்தில் சொல்வாங்க. சீனத்தில் அவர் மூலியன். நம்ம பக்கத்துப் பெயர் மௌத்கல்யாயனர், புத்தரின் சீடர். நம்ம தர்ப்பணத்துல மட்டும் என்ன? கடைசியில, தாய் தகப்பன் உறவுன்னு யாருமே இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான் எள்ளும் தண்ணியும் விடறோம். அய்யர் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தா தெரியும் (நாம அந்த நேரத்துல போன் பார்த்துக்கிட்டு இருப்போம்).

"பேய்"ங்கிற சொல்லுக்கே வருவோம். காரைக்கால் அம்மையார் அழகை உதறிவிட்டு, பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். தலையாலே கைலாயம் ஏறினார். சிவபெருமான் அவரை "அம்மையே" என்று அழைத்தார். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் அவரைப் பேயார் என்றே குறிப்பிடுகிறார். அறுபத்து மூவர் வரிசையில மத்தவங்க நிக்க, அவர் உட்கார்ந்திருப்பார். தினமும் அந்த வரிசையைக் கும்பிட்டுட்டு வெளியே வந்து பேயைத் திட்டறோம்.

இன்னொன்னு, கொஞ்சம் வலிக்கும். குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் 1932ல் ஆரம்பிச்ச முனீஸ்வரன் கோயில் நமக்குத் தெரியும். தோட்டங்கள்ல, மரத்தடியில, சுருட்டு வெச்சு நம்ம தாத்தாமார் கும்பிட்ட காவல் தெய்வம் அவர். அதையும் "பேய் வழிபாடு"ன்னு சொன்னவங்க உண்டு. நம்மாளுங்களே சிலர் இன்னைக்கும் சொல்றாங்க. அப்போ நமக்கு எப்படி இருந்துச்சு?

சாம்பல் பறந்து வாசல் கோலத்துல விழுதுங்கிற குறை நியாயமானது. அதை நாங்க மறைக்கல. மறுநாள் ரெண்டு பேர் போய் அந்த வீட்டு ஆன்ட்டிகிட்ட பேசினோம். காகிதத்தை நகர மன்றம் வெச்சிருக்கற தொட்டியிலேயே எரிக்கிறோம்னாங்க. சாயங்காலம் அவங்களே வந்து தட்டை எடுத்து, இடத்தைக் கழுவியும் விட்டுட்டுப் போனாங்க.

சத்தம் போட்ட அண்ணன் இதைப் படிச்சா, வர்ற சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க வாங்க. மீதியை அங்க உட்கார்ந்து பேசிக்கலாம்.