கார் எந்த ஊர்ல நின்னுச்சு?

போன வாரம் சென்னையிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "அத்தான், உங்க பக்கம் நல்ல பழைய கார் ஏதாவது இருந்தா சொல்லுங்க. கிராமத்துல ஓடின வண்டின்னா இடிபடாம இருக்கும்ல?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் இருப்பது வேதாரண்யம் பக்கம். கிழக்கேயும் கடல், தெற்கேயும் கடல், பக்கத்திலேயே உப்பளம். இங்கே கேட்டுக் கொண்டியே உதிருது, கார் எம்மாத்திரம்?

பழைய கார் வாங்கப் போறவங்க எந்த வருஷ மாடல், எத்தனை கிலோமீட்டர், எத்தனாவது ஓனர் என்று கேட்பாங்க. எந்த ஊரில் நின்ற வண்டி என்று கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. கடலோரத்தில் ஆறு வருஷம் நின்ற காரைவிட, சேலத்திலோ தர்மபுரியிலோ பன்னிரண்டு வருஷம் நின்ற காரை நம்பி வாங்குவேன். இன்ஜினை இறக்கி வேலை பார்க்கலாம், கிளட்ச் மாத்தலாம். சின்னக் கார்களில் தரையும் பாடியும் ஒண்ணு. அது அரிச்சா மாத்த முடியாது. நம்பர் பிளேட்டில் டிஎன் 51 இருந்தா அது நாகப்பட்டினம் பதிவு, சரி. ஆனா முதலில் பதிஞ்ச ஊரைத்தான் நம்பர் சொல்லும். அப்புறம் எங்கே நின்றது என்று சர்வீஸ் பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். வாங்கின கார் பளபளன்னு இருந்தது. அடியில் கறுப்பா புதுப் பூச்சு. கவனமா வெச்சிருந்த ஆள் போலன்னு நினைச்சேன். ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத்திணறல். திருவாரூர் போற வழியில், திருத்துறைப்பூண்டி தாண்டி பஞ்சர். ஜாக்கி வெச்சுத் தூக்கினா வண்டி மேலே வரலை, ஜாக்கிதான் முறுக்கு நொறுங்கற மாதிரி தகட்டுக்குள்ள போச்சு. வழியில் வந்த லோடு ஆட்டோவில் அம்மாவை ஏத்திக்கிட்டுப் போனோம். பிழைச்சாங்க. துருவைச் சுரண்டாம மேலே பூசினா, உள்ளே ஈரம் தங்கி அரிப்பு நடந்துக்கிட்டேதான் இருக்கும்னு மறுநாள் டிங்கர் சொன்னார்.

அதனால பார்க்கப் போகும்போது கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்க. கதவின் அடிவிளிம்பைத் தடவுங்க. அங்கே தண்ணி வடியற ஓட்டை இருக்கும், மண் அடைச்சா உள்ளிருந்தே அரிக்கும். ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க, பட்டி பூசின இடத்தில் ஒட்டாது. ஜாக்கி வெச்சுத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. மறுத்தால் வந்த வழியே திரும்பிடுங்க.

வெச்சுக் காப்பாத்தறது அதைவிடப் பெரும்பாடு. அடிப்பகுதியை நல்ல தண்ணியில் அடிச்சுக் கழுவணும். எங்க போர் தண்ணியே உப்பு. குடிக்க வர்றது கொள்ளிடத் தண்ணி. அதில் கார் கழுவினா வீட்டுக்காரி பேசற பேச்சு வேற. நியாயம்தானே? மழைத் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக் கழுவறேன். பொட்டாஷ் மூட்டையை டிக்கியில் ஏத்தறதையும் விட்டுட்டேன். அதுவும் ஒரு வகை உப்புதானே, சிந்தினா தகட்டைத் தின்னுடும்.

மச்சினனை நாமக்கல் பக்கம் தேடச் சொன்னேன். "அப்போ உங்க காரை என்ன பண்ணப் போறீங்க?" என்றான். விக்கத்தான் போட்டிருக்கேன். வர்றவங்களுக்கு நானே கால்மிதியைத் தூக்கிக் காட்டறேன். இதுவரை ரெண்டு பேர் பார்த்துட்டு, காபி குடிச்சுட்டுப் போயிட்டாங்க.